கோலப்பன் எடுத்த குப்பி

"இந்தத் திருவிதாங்கூர் ராச்சியத்தில் எந்த ஆல்டிஹைடும் என்னிடமிருந்து தப்ப முடியாது" என்று கல்லூரி ரசாயனக்கூட டெமான்ஸ்ட்ரேட்டர் தேவகுமார் செய்முறை வகுப்பில் அறிவித்தபோது யாரும் சிரிக்கவில்லை. எந்த ஆல்டிஹைடும் தப்ப முயன்றதாகவும் தகவல் இல்லை. வெள்ளி நைட்ரேட்டில் அமோனியா விட்டு அவர் தயாரிக்கும் டாலன்ஸ் கரைசல், ஆல்டிஹைடைக் கண்டதும் சோதனைக் குழாயின் உட்சுவரில் முகம் பார்க்கும் கண்ணாடிபோல் வெள்ளியாகப் படியும். தொட்டியருகே நின்று குழாய்களைக் கழுவும் அட்டெண்டர் கோலப்பன் அதில் தன் மீசையைப் பார்த்துக்கொள்வார்.

மிச்சக் கரைசலை அன்றன்றே கொட்டிவிட வேண்டும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கோலப்பன் குப்பியைச் சாய்க்கப் போனபோது தேவகுமார் தடுத்தார்.

"வெள்ளியக் கொண்டு ஓடையில கொட்டுதீரே, வேய்! திங்கக்கிழம காலேஜப் பாக்க இன்ஸ்பெக்டர் வாறாரு. இதையே காட்டலாம்."

"வெச்சிருந்தா வெடிக்கும்னு பழைய சாரு சொல்லியிருக்காரு, சாரே."

"அவருக்குப் பயம். ஒமக்கு அதுக்கு மேல. நான் கலக்கும்போதே செவருக்கு அந்தால போயி காதப் பொத்திட்டு நிக்குத ஆளுதான நீரு!"

எப்படி நிற்பார் என்று செய்தும் காட்டினார்: இரு காதிலும் விரல், இறுக மூடிய கண். மாணவர்கள் பெஞ்சைத் தட்டினார்கள். குப்பிக்குக் கண்ணாடி மூடி போட்டு அலமாரியில் வைத்தார்.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குக் குப்பியின் அடியில் கறுப்பாகப் பொடி படிந்திருந்தது. மூடியைச் சுற்றியும் கறுப்புப் பொருக்கு. தேவகுமார் குனிந்து பார்த்தார். குனிந்தபடியே இரண்டடி பின்னால் வந்தார். பாடப்புத்தகத்தைப் புரட்டியவரின் விரல் ஒரு வரியில் நின்றது. அடுத்த வரிக்குப் போகவில்லை.

"கோலப்பா, இத மெள்ள எடுத்துக் கொண்டுபோயி வெளித்தொட்டித் தண்ணிக்குள்ள எறக்கீரும். ஆட்டப்பிடாது. மூடியத் திருகப்பிடாது."

"ஆட்டுனா வெடிக்குமா, சாரே?"

"வெடிக்காது. ஆட்டப்பிடாது."

வராந்தாவைப் பெருக்கிக்கொண்டிருந்த தேவகனி உள்ளே எட்டிப் பார்த்தாள். "முடியாதுன்னு சொல்லும், கோலப்பண்ணே. ரெண்டு கண்ணும் போச்சுன்னா பாக்கதுக்கு மூணாங்கண்ணா வெச்சிருக்கீரு?"

கோலப்பன் வாயைத் திறந்தார். தேவகுமார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஒம்ம வேலய நெரந்தரமாக்குத கடுதாசி இன்னைக்குத்தான் இன்ஸ்பெக்டருகிட்ட போவுது. நான் இன்னும் ஒப்பு வைக்கல."

நாலு வருஷமாகத் தற்காலிக அட்டெண்டர். கோலப்பன் தொட்டிக்குப் போனார். தோள் துண்டை நனைத்து மூக்குவரை கட்டினார். துண்டின் மிச்சத்தைக் கையில் சுற்றப் போனார்.

"கையில துணி வேண்டாம். வழுக்கும். நான் வெளிய வழி பாத்துக்கிடுதேன்" என்று தேவகுமார் நடையைக் கட்டினார்.

கோலப்பன் குப்பியின் அடியில் ஒரு உள்ளங்கையை நுழைத்தார். மறுகையால் அணைத்தார். உள்ளே கறுப்புப் பொடி லேசாக எழும்பி, திரும்பவும் படிந்தது. அது படியும்வரை அவர் மூச்சுவிடவில்லை. பிறகு ஒரு எட்டு. நின்றார். இன்னொரு எட்டு. நெற்றி வேர்வை கண்ணில் இறங்கியது. துடைக்கக் கை இல்லை.

காற்றில் கதவு ஆடியது. பிடித்து நிறுத்த ஆளில்லை. தேவகனி துடைப்பத்தைச் சத்தமில்லாமல் தரையில் வைத்துவிட்டு, தோளைக் கொடுத்துக் கதவை அமுக்கிப் பிடித்தாள்.

"வாரும், அண்ணே. படி இருக்கு. பாத்து."

அவர் காலால் படியைத் தேடிக்கொண்டிருந்தபோது அவள் வழி காலியாக இருக்கிறதா என்று கேட்க வெளியே திரும்பினாள். சுவருக்கு அந்தப் பக்கம் தேவகுமார் சார் இரு காதிலும் விரலை விட்டு, கண்களை இறுக மூடி நின்றுகொண்டிருந்தார்.