மாப்பிள்ளை போட்ட டிஸ்க்

விருந்துக்கு வந்த புது மாப்பிள்ளை சாப்பிட்டோமா, தூங்கினோமா என்று இருக்க வேண்டும். ஆரிப்புக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. பிரியாணி சாப்பிட்ட கை காய்வதற்குள், கம்ப்யூட்டரில் போஸ்டர், நோட்டீஸ் அடித்துக் கொடுக்கும் மாமனாரின் டிடிபி கடைக்கு இறங்கிப் போனான். கம்ப்யூட்டரைத் திறந்து, தான் ஆசையாக வாங்கி வந்திருந்த புது ஹார்ட் டிஸ்க்கைப் பழையதன் பக்கத்தில் மாட்டிவிட்டான்.

"இனிமே பறக்கும் பாருங்க மாமா."

எங்கே பறந்தது? மறுநாள் காலையில் சுவிட்சைப் போட்டால் கறுப்புத் திரையில் நாலு வெள்ளை எழுத்து வந்து அப்படியே நின்றது. நின்றது நின்றதுதான். கடைப்பையன் வாங்கி வைத்த டீ ஆடை கட்டிய பிறகுதான் விண்டோஸ் மெல்ல எட்டிப் பார்த்தது. அதற்குள் கரண்ட் ஒருமுறை மினுக்கியது. யுபிஎஸ் பேட்டரி செத்து ஒரு மாதமாகிறது. மறுபடி முதலிலிருந்து கறுப்புத் திரை.

"புதுசுல்ல, பழகணும்" என்றார் மாமனார் பீர் முகமது. பதினைந்து வருடமாகக் கடை நடத்துகிறவர் பேசுகிற பேச்சா இது? புது மாப்பிள்ளையிடம் தப்பு என்று சொல்லும் வாய் அந்தக் குடும்பத்தில் யாருக்கும் கிடையாது.

அவன் மாட்டும்போது பக்கத்தில் நின்று பார்த்த புதுப்பெண் ஷைமாவுக்குத் தப்பு எது என்று நேற்றே தெரியும். கல்யாணத்துக்கு முன்பு அந்தக் கம்ப்யூட்டரைக் கட்டி மேய்த்தவள் அவள்தான். ஒரே வயரில் இரண்டு டிஸ்க் மாட்டினால் எது முதல், எது இரண்டாவது என்று சொல்ல வேண்டும். பின்பக்கம் நெல் அளவில் ஒரு பிளாஸ்டிக் துண்டு இருக்கும். ஜம்பர் என்பார்கள். அதை இடம் மாற்றிப் போட வேண்டும். ஆரிப் போடவில்லை. இரண்டும் நான்தான் முதல் என்று மல்லுக்கு நிற்க, நடுவில் கம்ப்யூட்டர் திருதிருவென்று முழித்தது. ஆனால் கடைக்கு மேலே உள்ள வீட்டில் இருந்து இறங்கும்போதே அம்மா ஜெயினம்பு எச்சரித்து அனுப்பியிருந்தாள்.

"வாயத் தொறந்தே, தொலைச்சுப்புடுவேன். மாப்பிள்ளை மொகம் சுருங்கக் கூடாது."

அந்த நேரத்தில்தான் காளை வந்தான். சவரம் செய்யாத முகம், கையில் ஒரு பாஸ்போர்ட் போட்டோ.

"பாய், அப்பா தவறிட்டாரு. நாலு மணிக்கு எடுக்குறோம். அம்பது போஸ்டர் வேணும்."

எழுத்துக் கோத்து டிரேசிங் பேப்பரில் பிரின்ட் எடுத்துக் கொடுத்தால் பக்கத்துத் தெரு பிரஸ்ஸில் உடனே ஓட்டிவிடுவார்கள். அதற்குக் கம்ப்யூட்டர் எழ வேண்டுமே. எழுந்தது, இரண்டு வரி அடித்தார்கள், கரண்ட் மினுக்கியது. மறுபடி எழுந்தது, போட்டோவை ஏற்றுவதற்குள் போனது. ஆரிப் மானிட்டரின் மண்டையில் தட்டினான். ஷைமாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"மச்சான், நீங்க போயி சூடா ஒரு டீ குடிச்சிட்டு வாங்களேன்." அவன் நகர்ந்தால் கமுக்கமாகச் சரிசெய்துவிட்டுப் பேரை அவனுக்கே கொடுத்துவிடலாம்.

"இந்தா, இப்ப வந்துரும்" என்றான் அவன், அசையாமல்.

காளை வாசலுக்கும் நாற்காலிக்கும் நடந்தான். "அப்பா இந்த பஸ் ஸ்டாண்டுல மூட்டை தூக்குனாரு பாய். கூட்டாளி அம்புட்டுப் பேரும் இங்கதான். யாரு வீடும் தெரியாது, போன் நம்பரும் கெடையாது. செவுத்துல அவரு மொகத்தப் பாத்தாத்தான் வருவாங்க."

கரண்ட் மறுபடி மினுக்கியது.

"எந்திரிங்க மச்சான்" என்றாள் ஷைமா. "நீங்க மாட்டுனது தப்பு. எனக்கு நேத்தே தெரியும்."

பீர் முகமது தரையைப் பார்த்தார். ஆரிப் காது சிவக்க எழுந்து சுவரோரம் நின்றான். அவள் பெட்டியைத் திறந்து புது டிஸ்க்கை வெளியே எடுத்தாள். துப்பட்டாவில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றி, ஜம்பரை நெம்பி, இரண்டாவது என்ற இடத்தில் போட்டு, டிஸ்க்கை மறுபடி மாட்டினாள். சுவிட்சைத் தட்டினாள். பழைய வேகத்தில் திரை மலர்ந்தது. மளமளவென்று அடித்துப் பிரின்ட் எடுத்து நீட்டியபோது காளை கும்பிட்டுவிட்டு ஓடினான்.

திரும்பிப் பார்த்தால் ஆரிப்பைக் காணவில்லை.

மாடியில் ஜெயினம்பு தலையில் அடித்துக்கொண்டாள். "கோவிச்சுக்கிட்டுப் போயிட்டாரு. ஊருக்குத்தான் பஸ் ஏறியிருப்பாரு. இப்ப நெஞ்சு குளுந்துச்சா?"

குளிரவில்லை. பயமாகத்தான் இருந்தது. கல்யாணமாகி முழுசாக ஒரு மாதம் ஆகவில்லை. அவனுடைய துணிப்பெட்டி கட்டிலுக்கடியில் இருக்கிறதா என்று பார்த்தாள். இருந்தது. ஜன்னலுக்கு வந்தாள். மறுபடி பெட்டியைப் பார்த்தாள். நேற்றே தனியாக அழைத்துச் சொல்லியிருந்தால் என்ன? முகம் சுருங்கக் கூடாது என்று பொத்திப் பொத்தி வைத்து, கடைசியில் ஊரான் முன்னால் போட்டு உடைத்தாயிற்று. தன் மேலேயே எரிச்சல் வந்தது. ஆக்கி வைத்த சோறு ஆறியது. யாரும் தட்டை எடுக்கவில்லை.

வெயில் சாயும் நேரத்தில் படியில் செருப்புச் சத்தம். ஆரிப்தான். விருந்துக்கென்று தைத்த வெள்ளைச் சட்டையில் முழங்கை வரை மைதாப் பசை. தலைமுடியிலும் ஒரு திட்டு.

"அல்லாவே, என்ன மாப்பிள்ளை இது?" ஜெயினம்பு தண்ணீருக்கு ஓடினாள்.

"போஸ்டர் வாங்கிட்டுப் போனவரு ஒத்தையா எம்புட்டுத்தான் ஒட்டுவாரு மாமி? எடுக்குற வரைக்கும் கூட இருந்துட்டுத்தான் வாரேன்." பிறகு ஷைமாவைப் பார்த்தான். "மூட்டை தூக்குறவங்க எல்லாரும் வந்துட்டாங்க. பாடையைத் தூக்க ஆளுக்காளு போட்டி."

அவளுக்குக் கண் கலங்கியது. "கோவமா மச்சான்?"

"இருக்கு. நேத்தே தெரியும்னு சொன்னேல்ல, அப்பவே எங்கிட்ட சொல்லலியே, அதான் கோவம்." பசைக் கையைத் தட்டின் பக்கம் கொண்டுபோகாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டான். "பசி உயிர் போகுது. சோத்தைப் போடு. தின்னுட்டுக் கீழ போவோம், அந்த ஜம்பரை எப்புடி மாத்துறதுன்னு காட்டு."