தோனா ஒந்தினா வீட்டில் இறங்க மறுத்த சொல்

என் வாயில் மிச்சமிருக்கும் மூன்று பற்களின் மேல் ஆணையாகச் சொல்கிறேன், இதில் ஓர் எழுத்துகூடப் பொய் இல்லை. அந்த மூன்றும் போய்விட்டால் நான் இறைச்சியை மறந்துவிட வேண்டியதுதான். ஆகையால் விளையாட்டுக்கு ஆணையிடுகிறவன் இல்லை என்பது உங்களுக்கே விளங்கும்.

சாந்தா எவ்லாலியாவில், கம்பளி விலை சரிந்த ஆண்டின் ஈஸ்டர் ஞாயிறன்று, தோனா ஒந்தினாவின் வீட்டில் மதியச் சாப்பாட்டின்போது சொல்லப்பட்ட ஒரு சொல், கீழே இறங்காமல் மேசைக்கு மேலேயே நின்றுவிட்டது. பழுத்த பப்பாளி அளவு இருந்தது. நிறம் மாட்டுக்குடல் குழம்பின் நிறம். கிட்டே போனால் வாசனையும் அதேதான். அதற்கும் விளக்குக்கும் ஒரே இடம் போதாமல் போகவே, விளக்கைக் கழற்றிச் சுவரோரம் மாட்டினார்கள். ஈக்கள் அதன்மேல் உட்காரவில்லை. பூனை மட்டும் சில நாள் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கிடைக்காது என்று தெரிந்ததும் வேறு வேலை பார்க்கப் போய்விட்டது.

அந்த வீட்டின் மேல்தான் பிரேசிலையும் உருகுவேயையும் பிரிக்கும் எல்லைக்கோடு ஓடியது. லிஸ்பனில் ஒரு ராஜா, மத்ரித்தில் ஒரு ராஜா. இருவருமே எங்கள் புல்வெளியைக் கண்ணால் பார்த்ததில்லை, ஆனாலும் ஆளுக்குப் பாதி வேண்டுமென்று தோன்றியிருக்கிறது. ஆள் அனுப்பினார்கள். வந்தவர்கள் மழையில் நனைந்தபடி சங்கிலி பிடித்து அளந்து கோடு போட்டுவிட்டுக் கப்பலேறிப் போனார்கள். அப்போது இங்கே குடியிருந்தவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர்களுக்கும் சாப்பாடு ருசித்திருக்கும், ருசிக்கு அவர்களும் ஒரு சொல் வைத்திருந்திருப்பார்கள். அது என்னவென்று இன்று விசாரிக்க ஒருவரும் மிச்சமில்லை. ராஜாக்கள் போனார்கள், ராஜ்யங்கள் போயின, குடியரசுகள் வந்தன, கோடு மட்டும் அசையவில்லை. பிற்பாடு தோனா ஒந்தினாவின் மாமனார் வீடு கட்டியபோது மரநிழலைப் பார்த்தாரே தவிரக் கோட்டைப் பார்க்கவில்லை. அதனால் அடுப்பு பிரேசிலில், கோழிக்கூடு உருகுவேயில், சாப்பாட்டு மேசை இரண்டிலும் என்று ஆகிவிட்டது. உப்புக்குப்பியை இந்த முனையிலிருந்து அந்த முனைக்குத் தள்ளினால் சட்டப்படி அது கடத்தல்.

அந்த ஞாயிறன்று தோனா ஒந்தினாவின் மகள் தால்வாவைப் பெண் கேட்டு லிபோரியோ பெந்தன்கோர் என்பவன் வந்திருந்தான். கம்பளியின் தரம் பார்க்கிற வேலை. உருகுவேக்குள் தெற்கே வெகுதூரம், போர்த்துகீசே காதில் விழாத ஊர்க்காரன். விருந்தாளி நாற்காலி மேசையின் உருகுவே முனையில் போடப்பட்டிருந்தது. குழம்பை ஒரு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டவன் கண்ணை மூடி, மனம் நிறைந்து ஒரு சொல் சொன்னான். அவன் ஸ்பானிஷில் ‘எக்ஸ்கிஸிட்டோ’ என்றால் அமிர்தம் என்று பொருள். எங்கள் போர்த்துகீசில் ‘எஸ்கிஸிட்டோ’ என்றால், என்னவோ ஒரு மாதிரி இருக்கிறது, இதை ஏன் சமைத்தார்கள் என்று பொருள். இரண்டுக்கும் நடுவே இருப்பது ஒரே ஒரு ‘க்’. லிபோரியோவின் வாய் நிறையக் குடல் இருந்தது. ‘க்’ அதோடு சேர்ந்து உள்ளே போய்விட்டது. மீதிதான் வெளியே வந்தது.

தோனா ஒந்தினா கரண்டியைக் கீழே வைத்தாள்.

“என் வீட்டுல உக்காந்துகிட்டு என் குழம்பையே ஒரு மாதிரி இருக்குன்னு சொல்றானா இவன்?”

“அம்மா, அவங்க பேச்சுல அது பாராட்டு. உனக்குத் தெரியாதா? பொறந்ததுலேருந்து அந்தப் பக்கத்துக் கடையிலதானே மாவு வாங்குறே” என்றாள் தால்வா.

“தெரியும்டி. ஆனா என் காது எங்க இருக்கு? பிரேசில்ல இருக்கு.”

“அவரு வாய் உருகுவேயில இருக்கே!”

“வாய் எங்க வேணா இருக்கட்டும். சொல்லு எங்க வந்து விழுதோ, அந்த ஊரு அர்த்தம்தான் அதுக்கு.”

இதைக் கேட்டதும்தான் சொல் திகைத்து நடுவானில் நின்றது என்று கருதுகிறோம். எந்தப் பக்கம் விழுவது என்று அதற்குத் தெரியவில்லை. தோனா ஒந்தினா லிபோரியோவுக்கு ஆறிப்போன மாத்தே இலைக் கஷாயம் ஒரு குடுக்கை கொடுத்தாள். எங்கள் பக்கத்தில் ஆறிய மாத்தே கொடுப்பதென்றால், எழுந்து போ என்று வாயைத் திறக்காமல் சொல்வது. சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொண்டு வந்தால்தான் பெண் என்றும் முடிவாகச் சொல்லிவிட்டாள். லிபோரியோவால் அது முடியவில்லை. “அப்படி இல்லை” என்று அவன் தன் வாயால் சொன்னால், அவன் பேச்சில் குழம்பு நன்றாக இல்லை என்று ஆகிவிடும்.

“நல்லா இருந்துச்சு தோனா. நல்லா இருந்ததை இல்லன்னு எப்படிச் சொல்வேன்? பொய்யைச் சொல்லிப் பொண்ணைக் கட்டிக்கிட்டா, அப்புறம் உங்க கையால சாப்பிடுறது எனக்குச் செரிக்குமா?” என்றான்.

“செரிக்காட்டி உங்க ஊர்ல போய்ச் சோடா குடி” என்றாள் தோனா ஒந்தினா.

வருடங்கள் போயின. லிபோரியோ ஒவ்வொரு ஆண்டும் ஆட்டுமயிர் கத்தரிக்கும் காலத்தில் வந்து, கோழிக்கூட்டின் பக்கம் நின்று ஜன்னல் வழியாகத் தால்வாவோடு பேசிவிட்டுப் போனான். தால்வா பெண் கேட்டு வந்த வேறு இரண்டு மாப்பிள்ளைகளைத் திருப்பி அனுப்பினாள். மூன்றாவது ஆள் வரவில்லை. அவளோடு முதல் நற்கருணை வாங்கிய தோழிகளின் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்தார்கள். அவள் மூன்று வேளையும் அந்தச் சொல்லின் அடியில் உட்கார்ந்து சாப்பிட்டாள். சொல்லைப் பார்க்க வெளியூரிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்தார்கள். குடை ரிப்பேர் செய்கிற இத்தாலியன் அண்ணாந்து பார்த்து, “ஸ்க்விஸிட்டோ! எங்க ஊர்ல இதுக்கு அருமைன்னுதான் அர்த்தம்” என்றான். சொல் உருகுவே பக்கம் ஒரு விரல் சாய்ந்தது. தொப்பி விற்க வந்த பிரெஞ்சுக்காரி அவர்கள் வழக்கப்படி பாதி எழுத்தை விழுங்கிவிட்டு “எக்ஸ்கி” என்றாள், அதுவும் அருமைதான். சர்க்கஸில் கயிற்றின் மேல் நடக்கிற ருமேனியாக்காரனும் அதையே சொன்னான்.

“அத்தனை பேரும் ஒரே தாய் வயித்துப் பிள்ளைங்க. ஒருத்தனை ஒருத்தன் விட்டுக் கொடுப்பானா?” என்றாள் தோனா ஒந்தினா.

“நம்ம பாஷை மட்டும் வேற வயிறாம்மா?”

“அதே வயிறுதான். ஆனா தனி அடுப்பு வெச்சிருச்சு.”

தாயையே கேட்டுவிடலாம் என்று பாதிரியாரைக் கூட்டி வந்தார்கள். இந்தப் பாஷைகளுக்கெல்லாம் தாயான லத்தீன் அவருக்குத் தெரியும். அவர் மேசையை ஒரு சுற்றுச் சுற்றிவந்து, ஆதியில் இந்தச் சொல்லுக்கு அருமை என்றும் இல்லை, ஒரு மாதிரி என்றும் இல்லை, தேடித் தேடிப் பொறுக்கி எடுத்தது என்றுதான் பொருள் என்றார். அதைக் கேட்டுச் சொல் குளிர்ந்துபோய் ஒரு முழம் கீழே இறங்கியது. எல்லோரும் தட்டுகளை நகர்த்தி இடம் செய்தார்கள். பாதிரியார் வாயை மூடிக்கொண்டிருந்தால் விஷயம் அன்றே முடிந்திருக்கும். அந்தத் தாய் செத்து ஆயிரம் வருடத்துக்கு மேல் ஆகிறது என்று அவர் சேர்த்துச் சொன்னார். சொல் மறுபடி மேலே போய்விட்டது.

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தால்வா, “இன்னிக்கு நான் சமைக்கிறேன்” என்றாள். அதே குடல் குழம்புதான். ஆனால் உலர்ந்த பீச் பழம் ஒரு கைப்பிடி போட்டிருந்தாள். அம்மாவின் நாற்காலியில் கால் ஆடுகிறது என்று சொல்லி, அவளை விருந்தாளி நாற்காலியில் உட்கார வைத்தாள். தான் பிரேசில் முனையில் உட்கார்ந்தாள். அது கத்தரிப்புக் காலம் என்பதால் லிபோரியோ வெளியே கோழிக்கூட்டில் சாய்ந்து நின்றிருந்தான். தலையில் நரை தட்டியிருந்தது. தோனா ஒந்தினா ஒரு வாய் எடுத்துப் போட்டாள், மென்றாள், முகத்தைச் சுளித்தாள்.

“எஸ்கிஸிட்டோ” என்றாள்.

“அம்மா, நீ இப்ப எந்த நாட்டுல உக்காந்திருக்கே?”

தோனா ஒந்தினா குனிந்து தரையைப் பார்த்தாள். மெல்லுவதை நிறுத்தவில்லை.

“வாய் இருக்கிற ஊரு அர்த்தம்தான் செல்லும்னா, நீ என் குழம்பைப் பாராட்டியிருக்கே. அப்படின்னா அவரும் அன்னிக்கு உன் குழம்பைப் பாராட்டினாரு. கல்யாணத்துக்கு நாள் பாரு. காது இருக்கிற ஊரு அர்த்தம்தான்னா, அவரு உன்னை அவமானப்படுத்தின மாதிரியே நீ என்னை அவமானப்படுத்திட்டே. அவமானப்பட்ட வீட்டுல நான் ஏன் இருக்கணும்? பெட்டி கட்டித்தான் வெச்சிருக்கேன், இப்பவே அவரோட கிளம்புறேன். ரெண்டுல எதுன்னு நீயே சொல்லும்மா.”

தோனா ஒந்தினா வெகுநேரம் மென்றாள். அவ்வளவு நேரம் மெல்ல அந்தக் குடலில் ஒன்றுமே இருந்திருக்காது. இதற்குள் அவள் சொன்ன சொல் மேலே போய்ப் பழைய சொல்லின் பக்கத்தில் நின்றது. இரண்டும் தெருநாய்கள் போல ஒன்றையொன்று மோந்து பார்த்துக்கொண்டன. ஒரு சுற்று வந்தன. பிறகு நடந்ததைப் பார்த்துத் தோனா ஒந்தினா தால்வாவின் கண்ணைப் பொத்தினாள். அவளுக்கு அப்போது முப்பதைத் தாண்டியிருந்தது.

“உப்பு கொஞ்சம் கூட” என்றாள் தோனா ஒந்தினா. பிறகு ஜன்னல் பக்கம் திரும்பி, “டேய், உள்ள வந்து உக்காரு. கோழி மிரளுது” என்றாள். லிபோரியோவுக்கு அன்று அவள் கொடுத்த மாத்தே நாக்கைப் பொசுக்கும் சூட்டில் இருந்தது.

கல்யாணம் அடுத்த மாதமே நடந்தது. இரண்டு சொற்களும் மேசையில் இறங்கி, ரொட்டிக்கூடையில் கொஞ்ச நாள் ஒன்றாகக் கிடந்தன. மழைக்காலத்தில் வீடு முழுக்கக் குட்டிச் சொற்கள். அலமாரியைத் திறந்தால் நாலு ஓடும். காலணிக்குள் இரண்டு சுருண்டு படுத்திருக்கும். தலை போர்த்துகீசு, வால் ஸ்பானிஷ். நடுவே சிலவற்றில் இரண்டும் இல்லாத ஏதோ ஒன்று, அது எங்கிருந்து வந்ததென்று பாதிரியாருக்கும் தெரியவில்லை. தால்வாவின் பிள்ளைகள் அவற்றை எடுத்துப் பேச ஆரம்பித்தார்கள், பிறகு தெருப்பிள்ளைகள், பிறகு கசாப்புக் கடையில் நாங்களும். இரண்டு பக்கத்து வாத்தியார்களும் பிரம்பால் விரட்டிப் பார்த்தார்கள். அவை பெஞ்சுக்கு அடியில் போய்ப் பதுங்கிக்கொண்டு, மணி அடித்ததும் பிள்ளைகளோடு வெளியே வந்தன. இப்போது யாரும் விரட்டுவதில்லை. வீடு கூட்டும்போது விளக்குமாற்றில் ஒன்றிரண்டு அகப்பட்டால் எடுத்து வாயில் போட்டுக்கொள்கிறோம்.

ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. சாந்தா எவ்லாலியாவில் எல்லைக்கோடு ஆற்றின் நடுவே ஓடுகிறது. அந்த ஆறு எந்தக் கோடையிலும் அரை மைலுக்குக் குறைந்த அகலத்தில் ஓடியதில்லை, அதன் நடுவே வீடு கட்டியவரும் இல்லை.