தூங்குகிறவளின் மூச்சு

மறுபடியும் அதே கதைதான். இளவரசிக்குப் பதில் கட்டடம் வரையும் பெண், சாபத்துக்குப் பதில் கார் விபத்து. கண் மூடிக் கிடப்பாள், ஒருவன் வந்து முத்தம் கொடுப்பான், எழுந்துகொள்வாள். அவளுக்கு டப்பிங் குரல் நான். எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி. பட்டத்துக்கு வேலை கிடைக்கவில்லை, தொண்டைக்குக் கிடைத்தது.

"தூங்குற மூச்சு நீ குடுக்க வேணாம்மா," என்றார் கண்ணாடிக்கு அப்பால் இருந்த சவுண்ட் இன்ஜினியர். "பழைய ஸ்டாக்ல ஒண்ணு கெடச்சுது, போட்டுட்டேன். முத்தத்துக்கு அப்புறம் ஒரே வசனம். சொல்லிட்டுக் கிளம்பு."

ஹெட்போனை மாட்டினேன். உள்ளே இழுக்கும்போது மூக்கில் சன்னமாக ஒரு விசில், விடும் முன் சின்னத் தடுக்கல்.

அக்கா.

ஒரே பாயில் படுத்து, அந்த விசில் பொறுக்காமல் அவளை உதைத்தவள் நான். எனக்கா தெரியாது? எனக்கு முன் இதே மைக்கில் நின்றவள் அவள். படத்தில் அவள் குரலைக் கேட்டு மயங்கி ஒருவன் பெண் கேட்டு வந்தான். "சினிமால வர்ற மாதிரியே இருக்குடி," என்று அம்மா பூரித்துப்போனாள். கல்யாணம் ஆனதும், மைக் பக்கம் போகக் கூடாது என்றான். பிறகு, எங்களோடு போனில் பேசக் கூடாது என்றான். ஒரு நாள், தூக்கத்திலேயே போய்விட்டாள் என்று தகவல் வந்தது. நாங்கள் போய்ச் சேர்வதற்குள் எல்லாவற்றையும் முடித்திருந்தார்கள்.

"அந்த மூக்கு விசில் உறுத்துதே," என்றார் டைரக்டர். "ஹீரோயினுக்குச் சளி புடிச்ச மாதிரி. நீயே புதுசா மூச்சு குடு, அதைத் தூக்கிடலாம்."

"கோமால கிடக்கிறவளுக்கு லிப்ஸ்டிக் போட்டிருக்கீங்க சார். அது உறுத்தலையா?"

இன்ஜினியர் சிரிப்பை விழுங்கினார்.

"வாய் ஜாஸ்தி உனக்கு," என்றார் டைரக்டர்.

"மூச்சு இருக்கட்டும் சார். அதுலதான் உசிரு இருக்கு." என் குரல் உடைந்திருக்க வேண்டும். ஒரு மாதிரி பார்த்துவிட்டு, போகட்டும் என்று தலையாட்டினார்.

திரையில் முத்தம். மூச்சு நின்றது. அது நின்ற இடத்தில் நான் பேசினேன்: "இவ்வளவு நாளா எங்க இருந்தீங்க?"

படம் வந்ததும் அம்மாவிடம் சொன்னேன். செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

தியேட்டர் நிறைந்திருந்தது. முடிவு எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் கட்டிலைக் காட்டியதும் பேச்சு அடங்கியது. முன் வரிசைப் பெண் கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். பிணம் மாதிரி கிடப்பவள் எழுவதைப் பார்க்கத்தானே காசு கொடுத்து வருகிறார்கள். யார் வீட்டில்தான் எழாமல் போனவர் இல்லை?

இருட்டில், நாலு பக்கமும் இருந்து அக்கா மூச்சு விட்டாள். அம்மா கண்ணை மூடிக்கொண்டு அவளோடு சேர்ந்து இழுத்தாள், விட்டாள்.

திரையில் கதவு திறந்தது. பூங்கொத்தோடு அவன். கூட்டம் கைதட்டியது.

அம்மா என் மணிக்கட்டை நகம் பதியப் பிடித்தாள். "அவன் வந்துட்டான்டி. வா, போயிடலாம்."

"இரும்மா. இப்பத்தான் அவ எந்திரிப்பா."

"எந்திரிக்க மாட்டா. வா."

வரிசையில் கால்களை மிதித்துக்கொண்டு என்னை இழுத்துப்போனாள். யாரோ திட்டினார்கள். எங்களுக்குப் பின்னால் கதவு சாத்தும்வரை அந்த மூச்சு கேட்டது.

மறுநாளும் அதே காட்சிக்கு டிக்கெட் எடுக்கச் சொன்னாள்.