பாதி கரண்ட்

ஒளிந்துகொள்ள அந்தக் கட்டடத்தைப் போல உதவாத இடம் மரக்காணத்தில் வேறில்லை. ஆள் அசைந்தால் விளக்கு எரியும்; அசையாவிட்டால் அணையும். வெயில் ஏறினால் திரைகள் தாமாக இறங்கிக் கண்ணாடியை மூடிக்கொள்ளும். உச்சி வெயிலிலும் உள்ளே கும்மிருட்டு.

கட்டியவன் உப்பு வியாபாரி ராஜாங்கம். முருகையனின் மனைவி சுலோசனாவுக்குத் தம்பி. "ஸ்மார்ட் ஆபீஸ், பாதி கரண்ட்ல ஓடும்" என்று கூனிமேட்டிலிருந்து அனுமந்தை வரைக்கும் பீற்றியிருந்தான். மீட்டரோ இரண்டு பங்கு ஓடியது. பக்கத்து உப்பு மில் முருகையனுடையது. அவன்தான் ஒயர் இழுத்துத் திருடுகிறான் என்று ராஜாங்கம் முடிவுகட்டினான். ஆட்கள் சாப்பிடப் போன நேரம் பார்த்து மில்லுக்குள் புகுந்து, உருட்டுக்கட்டையால் மாமன் மண்டையை உடைத்தான். முருகையன் சுவரேறிக் குதித்து, திறந்திருந்த ஆபீசுக்குள் ஓடி, மாடி ஹால் கதவுக்குப் பின்னால் ஒட்டி நின்றான்.

"மாமா, எங்க இருக்கீங்க?"

படியேறி வந்த குரலில் மரியாதை குறையவில்லை. கட்டை போய்க் கைக்கு அரிவாள் வந்திருந்தது, அவ்வளவுதான்.

முருகையன் சிலையாக நின்றான். விளக்கு அணைந்தது. ஏசி மட்டும் நிற்கவில்லை, பல் கிட்டியது. ஆளில்லை என்று விளக்குக்குத் தெரிகிறது, இந்தச் சனியனுக்கு ஏன் தெரியவில்லை?

உதட்டில் ஒரு சொட்டு விழுந்தது. ரத்தம் என்று நினைத்தான். நாக்கில் பட்டால் உப்பு, அடியில் கசப்பு. தலையை அசைக்காமல் கண்ணை மட்டும் உயர்த்தினான். நிலைக்கு மேலே ஈரப்பதம் அளக்கும் சென்சார் பெட்டி, பச்சையாக மினுக்கியது. அந்த வெளிச்சத்தில், அதற்கு நேர் மேலே சிவப்புத் துணி மூட்டை. புதுமனைப் புகுவிழாவில் திருஷ்டிக்கென்று ராஜாங்கம் தன் கையாலேயே கட்டிய கல்லுப்பு. கடல்காற்றைக் குடித்துக் குடித்துப் பெட்டிக்குள் சொட்டிக்கொண்டிருந்தது. ஹாலுக்குள் அடைமழை என்று நம்பிய பெட்டி, ஈரத்தை உறிஞ்ச ஏசியை ராப்பகலாக விரட்டியிருக்கிறது.

முருகையனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தோள் குலுங்கியது. விளக்கு எரிந்தது.

கதவை உதைத்துத் தள்ளினான் ராஜாங்கம்.

"வெட்டறதுக்கு முன்னாடி மேல பாரு மச்சான். திருடன் அங்க தொங்கறான்."

ராஜாங்கம் பார்த்தான். உப்பிலேயே வளர்ந்தவனுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. அரிவாள் தாழ்ந்தது. முருகையனுக்கு மூச்சு வந்தது.

"இத யார்கிட்ட சொல்லுவீங்க மாமா?"

"யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்பா."

"அக்காகிட்ட?"

முருகையன் தயங்கினான். பேரத்தில் ஒரு தயக்கம் போதும்.

"நானா இருந்தா இந்தச் சேதிய இந்நேரம் சந்தையில வித்திருப்பேன்" என்று சொல்லி ராஜாங்கம் அரிவாளை ஓங்கினான்.

முருகையன் எட்டி மூட்டையைப் பிய்த்து அவன் முகத்தில் அறைந்தான். கண் நிறைய உப்புத் தண்ணீர். குருட்டாம்போக்கில் இறங்கிய அரிவாள் முருகையனின் இரண்டு விரல்களைத் தரையில் சிந்தியது. மிச்சமிருந்த கையால் அவன் ராஜாங்கத்தின் தலையைப் பிடித்துக் கதவு நிலையில் மோதினான். மூக்கெலும்பு நொறுங்கும் வரை மோதினான். இருவரும் ஒன்றாகச் சரிந்தார்கள். அரிவாள் எங்கோ வழுக்கிப் போனது.

மூட்டை போனதும் பெட்டிக்கு மழை நின்றது. கட்டிய நாளாக ஓயாத ஏசி முனகி அடங்கியது. விளக்கும் அணைந்தது.

இருட்டில் இரண்டு மூச்சுகள். முதலில் அசைகிறவனால் விளக்கு எரியும். அரிவாள் கிடக்கும் இடம் மற்றவனுக்கும் தெரிந்துவிடும். இருவரும் வியாபாரிகள். காத்திருந்தார்கள்.

கீழே மீட்டர், ராஜாங்கம் சொன்னபடியே, பாதி வேகத்தில் ஓடியது.