சால்வைக் கரையில் ஒரு பிசிர்

தாலிக்குப் பொன்னுருக்கிய பிறகு, கலியாணம் வரை மாப்பிள்ளை வாசல் தாண்டக்கூடாது. என் உதவியாளன் கார்த்திகன் தாண்டியதோடு நிற்காமல், கிருலப்பனையிலிருந்து ஓட்டோ பிடித்துக் கொள்ளுப்பிட்டியிலிருக்கும் எங்கள் ஆய்வுகூடத்துக்கே வந்துவிட்டான். அவன் அறைக்குள் நித்திரை என்று தாய் நினைத்துக்கொண்டிருந்தார்.

"உஷாந்தி அக்கா, அந்த இழையை வேற ஆரும் தொட்டா எனக்கு மனசு கேளாது" என்றான். பொன்னுருக்கலுக்கு உடுத்த பட்டுவேட்டிக்கும் சால்வைக்கும் மேல் வெள்ளை மேலங்கி. ஏச வாயெடுத்தேன். ஆனால் அவனளவு நிதானமான கை என்னிடம் இல்லை. விட்டுவிட்டேன்.

பழைய புதைகுழியொன்றில், செம்புக் கிண்ணத்துக் களிம்போடு ஒட்டிக் கிடந்ததால் உக்காமல் தப்பிய துணி அது. அதில் ஓடுவது தங்க இழை என்று அடித்துச் சொன்னவள் நான். அன்று பின்னேரம் அதை நிரூபித்தால்தான் மேற்கொண்டு தோண்ட அனுமதி.

கருவி சொன்னது, பொலியெஸ்டர்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. இரண்டு வருட உழைப்பு! மூக்கைச் சிந்த நிமிர்ந்தபோதுதான், கார்த்திகனின் மேலங்கிக் கழுத்தால் எட்டிப் பார்த்த சால்வைக் கரையைக் கண்டேன். மினுமினுவென்று ஒரு பிசிர்.

"கழட்டடா அதை!"

சால்வை இழையைச் சோதித்தோம். அச்சொட்டாக அதே பொலியெஸ்டர். தட்டைத் துடைத்து, களிம்புத் துணியிலிருந்து புதிதாக ஓர் இழையைக் கருவியின் நுணுக்குக்காட்டியில் வைத்தோம். பருத்தி நூலைச் சுற்றிச் சுற்றி, மெல்லிய அசல் தங்கத் தகடு! நான் துள்ளினேன். அவன் துள்ளவில்லை.

"அக்கா, முதல் இழை எங்கால வந்ததெண்டும் றிப்போட்டில எழுதோணுமோ?"

"எழுதாட்டி துணியிலதானே சந்தேகப்படுவாங்கள். சால்வை எங்க வாங்கினது?"

"மாமா தந்தவர். நிருஷாட அப்பா. வெள்ளவத்தையில அவற்ற கடையிலயிருந்து, அசல் தங்கச் சரிகை எண்டு. நான் வெளிய வந்தது தெரிஞ்சா கலியாணத்தையே நிப்பாட்டிப்போடுவார்."

ஒளித்துப் பிடித்து விளையாட எனக்கு நேரமில்லை. அவனுடைய மாமனார் நாகேந்திரம் ஐயாவுக்கு நானே போன் எடுத்து, மாப்பிள்ளை வாசல் தாண்டியதிலிருந்து பொலியெஸ்டர் வரை ஒப்புவித்தேன். கார்த்திகன் கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

மறுமுனையில் கதவொன்றை இழுத்துச் சாத்தும் சத்தம் கேட்டது.

"வாசல் தாண்டினதை விடுங்கோ பிள்ளை" என்றார், குரலைத் தாழ்த்தி. "சால்வையைப் பற்றியும் எழுதுங்கோ. ஆனா, கூறைச்சேலையும் சம்மந்தியம்மா எங்கட கடையிலதான் எடுத்தவ. அதை மட்டும் அந்தச் சோதிக்கிற பெட்டிக்குள்ள வைச்சுப் பாத்திடாதேங்கோ."

போன் ஸ்பீக்கரில் இருந்தது. கார்த்திகன் மெல்ல ஒரு கண்ணைத் திறந்தான்.