ஜன்னலுக்கு ஒரு கையெழுத்து

எங்கள் அகராதி அலுவலகத்தில் ஒரு சொல்லுக்கு ஓர் அட்டை. எழுதியவர், சரிபார்த்தவர் இருவரும் கையெழுத்துப் போட்டால்தான் அது பெட்டிக்குள் போகும். எழுதுவது என் மனைவி, சரிபார்ப்பது நான். பத்தொன்பது வருஷத்தில் அவளுடைய ஓர் அட்டையைக்கூட நான் முதல் தடவையிலேயே விட்டதில்லை. பெண்டாட்டிக்கு நொட்டை சொல்லிச் சம்பளம் வாங்குகிற ஒரே ஆள் என்று அலுவலகமே கிண்டலடிக்கும்.

படுத்த படுக்கையான பிறகும் அவள் வேலையை விடவில்லை. தலையணையில் சாய்ந்தபடி எழுதிய அட்டை, ‘ஜன்னல்’. நம் வீட்டுச் சொல் மாதிரி புழங்குகிறோமே, அது போர்த்துக்கீசியரோடு கப்பலில் வந்தது. அவர்களுக்கு அது ‘ஜனெலா’. அதற்கும் முன்னால், லத்தீனில் ‘யானுவா’ என்றால் கதவு. அதைச் செல்லமாகச் சுருக்கினால் குட்டிக் கதவு. மலாய்க்காரர்களுக்கு ‘ஜெண்டேலா’, வங்காளிகளுக்கு ‘ஜானாலா’. கட்டடத்தைப் பெருக்குகிற ‘ஜானிட்டர்’கூட ஒரு காலத்தில் கதவுக்குக் காவல் நின்றவன்தான், இதே குடும்பம் என்று ஓரத்தில் குறித்திருந்தாள்.

“லத்தீனுக்கு ஆதாரம் எங்கே?” என்றேன், வழக்கம்போல.

“ஒரே ஒரு தடவை என்னை நம்பிப் போடுங்களேன். நான் கண்ணால பார்க்கணும்.”

டாக்டர் முந்தின நாளே கையை விரித்துவிட்டார். கேட்டவுடன் போட்டுக்கொடுத்தால், அவள் போகப்போகிறாள் என்று நானே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். சரிபார்க்க ஏதாவது பாக்கி இருக்கிறவரை அவளும் இருப்பாள் என்று தோன்றியது. பைத்தியக்காரத்தனம்தான், வேறென்ன?

“புத்தகத்தைப் பார்த்துட்டு வந்து போடறேன்” என்று அட்டையை எடுத்துக்கொண்டு நூலகத்துக்குப் போனேன்.

மூன்றாவது புத்தகத்தில் கிடைத்தது. அவள் எழுதியது எழுத்துக்கு எழுத்து சரி. அங்கேயே நின்றபடி கையெழுத்துப் போட்டேன். பஸ்ஸுக்குக்கூடக் காத்திராமல், மூச்சு வாங்க வாங்க வீட்டுக்கு ஓடினேன்.

வாசலில் மச்சினி அழுதுகொண்டு நின்றாள். எல்லாம் முடிந்து அரை மணி நேரம் ஆகியிருந்தது.

“அக்கா உங்களைத்தான் கேட்டா, மாமா. லைப்ரரிக்குப் போயிருக்காருன்னு சொன்னேன். ‘எங்கே தப்புன்னு தேடப் போயிருக்காரு, விடு’ன்னு சிரிச்சா. அப்புறம் பேசலை.”

உள்ளே போய் அட்டையை அவள் கையில் வைத்தேன். விரல்கள் மடங்கவில்லை. நான் தப்பைத் தேடிப் போகவே இல்லை. அவள் அப்படி நினைத்துக்கொண்டுதான் போனாள்.