கொக்கியில் தொங்கிய சென்சர்

"வைட்பேண்ட் சென்சரை மாட்டி அளந்து காட்டுங்க, பைகே."

பைகே, அதாவது அண்ணா என்று மரியாதையாக அழைத்தாலும், பிஷ்கெக்கில் எஞ்சினை ட்யூன் செய்யும் எந்த மாஸ்டரிடமும் இப்படிக் கேட்கக்கூடாது. உங்கள் கைமேல் நம்பிக்கை இல்லை என்று முகத்துக்கு நேராகச் சொல்வதற்குச் சமம். வழி நெடுக அண்ணன் எர்மெக் படித்துப் படித்துச் சொல்லியும் தங்கை சல்கின் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நாளைக் காலை அவன் இங்கே ட்யூன் செய்த டர்போ காரில் நான்கு பயணிகளை ஏற்றிக்கொண்டு மலைக் கணவாய் தாண்டி ஓஷ் நகருக்குப் போகிறான். ஏற்றத்தில் பிஸ்டன் உருகினால் அந்தப் பனியில் ஐந்து பேரை யார் தேடி வருவார்கள்?

மாஸ்டர் சபர்பெக் டாஷ்போர்டு மீட்டரைக் காட்டினார். முழுதாக மிதித்தாலும் பச்சை. பெட்ரோல் தாராளமாகப் போகிறது, இன்னும் என்ன வேண்டும் என்றார்.

"அது நேரோபேண்ட். பெட்ரோல் கூடவா கொறச்சலான்னு மட்டுந்தான் சொல்லும், எவ்வளவுன்னு சொல்லாது. ஒரு பங்கு பெட்ரோலுக்குப் பதினொன்றரைப் பங்கு காத்து போனாலும் பச்சை, பதிமூணு போனாலும் பச்சை. டர்போ முழுசா ஊதறப்ப பதிமூணு போனா சூட்டுல பிஸ்டன் உருகி எஞ்சின் காலி."

"தங்கச்சி இன்ஜினியர்னு சொல்லவே இல்லையேடா. தெரிஞ்சிருந்தா நான் பரீட்சைக்குப் படிச்சிட்டு வந்திருப்பேனே."

எர்மெக் தரையைப் பார்த்தான்.

ஆனால் மாஸ்டர் உடனே ஒத்துக்கொண்டார். அதுதான் அவளுக்கு இடித்தது. வைட்பேண்ட் சென்சரை எடுத்தார். மாட்டுவதற்கு முன் அதற்குச் சுத்தமான காற்றைக் காட்டி, இதுதான் காற்று என்று பதியவைக்க வேண்டும். அவர் அதைச் சுவர்க் கொக்கியில் தொங்கவிட்டுப் பொத்தானை அழுத்தினார். பிறகு புகைக்குழாயில் மாட்டி, காரை நின்ற இடத்திலேயே சோதனை உருளைகள்மேல் முழு வேகத்தில் ஓட்டினார். திரையில் பதினொன்று புள்ளி ஐந்து.

"போதுமா மகளே?"

எர்மெக் பெருமூச்சு விட்டான். சல்கினுக்குக் கண் எரிந்தது. குளிருக்காகக் கதவைச் சாத்தியிருந்தார்கள். கொக்கிக்கு நேர் கீழே எஞ்சின் ஓடியபடி ஒரு ஜீப் நின்றது, அதன் புகை நேராக மேலே ஏறியது. அந்தப் புகையையே சுத்தமான காற்று என்று பதிந்துகொண்ட சென்சர், பெட்ரோலை உள்ளதைவிடக் கூட்டித்தான் காட்டும்.

"அங்க எதுக்குத் தொங்கவிட்டீங்க?"

"குளிர்ல சென்சர் சூடேறாது. எட்டு வருஷமா அங்கதான்."

தெரியாமல் செய்கிறாரா, தெரிந்தே செய்கிறாரா? அந்த முகத்தில் ஒன்றும் பிடிபடவில்லை. அவள் கையுறை மாட்டிச் சென்சரைக் கழற்றினாள். நீள ஒயரை இழுத்துக்கொண்டு வாசலுக்குப் போய், வெளிக்காற்றைக் காட்டிப் பதியவைத்தாள். மறுபடி மாட்டி ஓட்டச் சொன்னாள்.

பன்னிரண்டு புள்ளி எட்டு.

ஜீப்பை யாரோ அணைத்தார்கள். மாஸ்டர் லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பினார். பத்தே நிமிடத்தில் பெட்ரோலைக் கூட்டிவிடலாம், இதற்குப் போய்ப் பேச்சு வளர்ப்பானேன் என்றார். இவ்வளவு சுலபமென்றால் இந்தக் குளிர்காலத்தில் இங்கிருந்து மலையேறிய மற்ற கார்களுக்கு ஏன் கூட்டவில்லை? அவள் கேட்டாள். அவர் லேப்டாப்பை மூடினார்.

"கார் நாளைக்குப் போகாது. இவர் திருத்துறதை நம்பி மலையேற முடியாது," என்று அண்ணனிடம் சொன்னாள்.

நாலு பேருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன் என்று அவன் பின்னாலேயே வந்தான். சல்கின் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு, பயணம் இல்லை என்று சொல்ல முதல் பயணியின் எண்ணை அழுத்தியபடி வெளியே நடந்தாள்.